கம்பி அறுந்த வேளையில்

பழைய மாணவன்

மலர்க்குழுவினர் என்னிடம் வேண்டியது கல்லூரிக் கால நினைவுக் கட்டுரை ஒன்று. அத்தகைய கட்டுரைகள் இம்மலரில் வேறு பல இருக்கும். அவற்றை என்னினும் இனிமையாக எழுத வல்லார் பலர் உளர். ஆதலின் ஆசிரியர்தம் பொறுமையை நம்பி வேறொரு பொருளை எடுத்துக்கொள்கின்றேன். விழா நிதியைக் கொண்டு யாது செய்யலாம் என்பது பற்றிச் சங்கத்தினரிடையே இப்பொழுது பேச்சு நிகழ்கின்றது. வாயிலில் வளைவு கட்டலாம் என்பார் ஒரு சாரார்; கணனிக் கூடத்தைப் பெருப்பிக்கலாம் என்பார் மற்றொரு சாரார். இரண்டும் நல்லனவே. நான் கூற வந்தது மூன்றாவதொன்று. அதனைக் கூறுமுன் அதன் தேவையை விளக்குதல் முறையாகும்.

1978 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23 ஆந் திகதி இரவை, இப்பகுதியில் அன்று இருந்தவர் எவரும் மறந்திரார். அப்பொழுது நான் எட்டாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தேன். ஓடுகள் பறந்த ஓசையும், தென்னைகள் ஒன்றன்மேலொன்றாய்ச் சாய்ந்த ஓசையும் இன்றும் என் காதிலுள. ஆயினும் அவ்விரவினும் என் நெஞ்சில் ஆழப் பதிந்தது மறுநாட் காலையே. காற்று ஓய்ந்துவிட்டது. வெளியே வந்து பார்த்தால் தொலைபேசிக் கம்பங்கள் தெருவிற் கிடந்தன. கம்பிகள் வேலிகளிற் சிக்கிக் கிடந்தன. கல்குடாவில் நடந்தது வாழைச்சேனைக்குத் தெரியாது. வாழைச்சேனையில் நடந்தது மட்டக்களப்புக்குத் தெரியாது. மட்டக்களப்பில் நடந்தது கொழும்புக்குத் தெரியாது. காயமுற்றோரைக் கொண்டுசெல்லத் தெருவில் விழுந்த மரங்களை வெட்ட வேண்டியிருந்தது. கோடரி எவர் வீட்டில் உளது என்பதைக்கூட ஆளனுப்பியே அறிந்தோம். அச்சூறாவளியில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பின்னர் வந்த கணக்கு. அவர்களுள் எத்தனை பேர் காற்றினால் மாண்டனர், எத்தனை பேர் உதவி பிந்தியமையால் மாண்டனர் என்று பிரித்துக் கணக்கெடுத்தார் இலர்.

படிப்பு முடிந்தபின் புகையிரதத் திணைக்களத்திற் சேர்ந்து, நாட்டின் பல பாகங்களிலும் பணிபுரிந்து, நிலைய அதிபராக ஓய்வுபெற்றேன். அத்தொழில் எனக்குக் கற்பித்த ஒன்று ஈண்டுப் பயன்படும். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாதபடி காப்பது ‘டப்லட்’ என்னும் தகடு. அடுத்தடுத்த இரு நிலையங்களிலுமுள்ள கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து ஒரு தகட்டை எடுத்துவிட்டால் மற்றொன்று இரு கருவியிலிருந்தும் வெளிவராது. அத்தகடு கையில் இல்லாமற் சாரதி வண்டியை நகர்த்தக் கூடாது. மிகப் பழைய ஏற்பாடு. மிகச் சிறந்த ஏற்பாடு. ஆயின் நான் வியப்பது அக்கருவியை அன்று. அக்கருவி பழுதுபட்டால் யாது செய்வது என்பதும் அதே ஒழுங்குவிதி நூலில், அதே கண்டிப்போடு எழுதப்பட்டிருந்தது. எவர் எவருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும், எவர் கையொப்பமிட வேண்டும், வண்டி எவ்வளவு மெல்லச் செல்ல வேண்டும் என்பனவெல்லாம் நாங்கள் பரீட்சையில் எழுதித் தேறிய பாடங்கள். பழுதென்பது வராத ஒன்றென எண்ணி அந்நூலை எழுதியவர் எழுதவில்லை. இன்றைய அவசர சேவைகளின் ஒழுங்குமுறைகளை நோக்குங்கால் என் மனத்திற் படுங் குறை இதுவே: கருவி உளது; பழுதுற்ற வேளைக்குரிய பாடம் இலது.

அத்தொழிலில் நான் கண்ட மாபெருந் துயரமும் செய்தி சேராமையால் விளைந்ததே. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி காலை ஆழிப்பேரலை முதலில் வந்து மோதியது நம் கிழக்குக் கரையிலேயே. கல்குடாவும் பாசிக்குடாவும் அதனைத் தாங்கி நின்ற நேரத்துக்கும், தென்மேற்குக் கரையிலே பெரலிய என்னுமிடத்தில் கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிச் சென்ற புகையிரதத்தை அலை விழுங்கிய நேரத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருந்தது. வண்டியை அம்பலாங்கொடையில் நிறுத்த முயன்றனர், அந்நிலையத்தில் இருந்தோர் அனைவரும் வண்டியைக் கவனிக்கச் சென்றிருந்தமையால் தொலைபேசியை எடுக்க ஆளில்லை, வண்டி புறப்பட்டுவிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் அவ்வொரு வண்டியிலும் அதைச் சூழ்ந்தும் மாண்டன. தொலைபேசி பழுதின்றி இருந்தது, மணியும் அடித்தது. மறுமுனையில் அதை எடுப்பதையே தன் கடமையாகக் கொண்ட ஒருவர் இல்லை. இதனைச் சக ஊழியர் எவர்மீதும் குறையாகச் சொல்லவில்லை. அவர்களிடத்தில் நான் இருந்திருப்பினும் வண்டியடிக்கே சென்றிருப்பேன்.

நிற்க. இன்றைய நிலையைப் பார்ப்போம். இந்திய நன்கொடையுடன் 2016 யூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய 1990 என்னும் இலவச நோயாளர் காவு வண்டிச் சேவையை மனமாரப் பாராட்டுகின்றேன். அதனால் உயிர் பிழைத்தோரை நான் அறிவேன். பொலிசுக்கு 119, தீயணைப்புக்கு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என எண்கள் உள. ஆயின் கல்குடாவிலிருந்து ஒருவர் 1990 ஐ அழைத்தால் மணி அடிப்பது கொழும்பை அண்டிய நிலையமொன்றில். அங்கிருந்து மீண்டும் நம் பக்கத்து வண்டிக்குக் கட்டளை வருதல் வேண்டும். அயலூரில் நிற்கும் வண்டியை அழைக்க நாட்டின் மறுகரை வரை சென்று திரும்பும் வழி அது. வழி திறந்திருக்கையில் அது கணப்பொழுது. அடைபட்டால், வண்டி நிற்குமிடம் நமக்குத் தெரிந்திருப்பினும் அதன் சாரதியின் எண் நமக்குத் தெரியாது.

வழி அடைபடுவதற்குப் பெருங்காரணமும் வேண்டியதில்லை. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி பாணந்துறை மின் நிலையத்துட் புகுந்த ஒரு குரங்கினால் நாடு முழுவதும் மின்சாரம் அற்றது. இலங்கையிற் குரங்கினால் இடர் நேர்வது நாம் படித்தறிந்த செய்திதான் என நண்பரொருவர் நகைத்தார். நகைப்பு நிற்க, மின்சாரம் போனால் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் மின்கலங்களில் சில மணி நேரமே இயங்கும். அதன்பின் எண்ணெய் இயந்திரம் வேண்டும். எண்ணெய் கொண்டுவரத் தெரு வேண்டும். பழைய செப்புக் கம்பித் தொலைபேசியோ தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதே கம்பியிற் பெற்றுக்கொண்டது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் தொலைபேசி பேசியது. இன்று அதன் இடத்துக்கு வரும் ஒளியிழைத் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரமும் வேண்டும். விரைவு மிகுந்தது, உறுதி ஒரு படி குறைந்தது. அம்மாற்றத்தை எவரும் நமக்கு எடுத்துச் சொல்லவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றபோது, மண் சரிந்த மலைநாட்டு ஊர்கள் பலவற்றில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே நின்றன. 1978 இல் நாங்கள் கண்ட மறுநாட் காலையை, கையிற் கைத்தொலைபேசியோடு அவர்கள் கண்டனர்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாரிகால இரவில் நிகழ்ந்ததைச் சொல்கின்றேன். “மாமா, அம்மாவைப் பாம்பு கடிச்சிட்டு, போன் ஒண்டும் வேலை செய்யுதில்ல” என்று அயல்வீட்டுப் பிள்ளை படலையில் வந்து நின்றான். என்னுடையதும் வேலை செய்யவில்லை. முச்சக்கர வண்டியொன்றைப் பிடித்து, பெயர் கூற விரும்பாத ஓர் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். அங்கும் கணனி இயங்கவில்லை. இலக்கம் பதியாமல் உள்ளே அனுப்புவதா, விடுவதா என்று பதிவிடத்திலிருந்த இளைஞர் தயங்கி நின்றார். தவறு அவருடையதன்று; கணனி நின்றால் யாது செய்க என்று அவருக்கு எவரும் சொல்லிக் கொடுத்திலர். அப்பொழுது உள்ளிருந்து வந்த முதிய தாதியொருவர் தம் கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து, பெயர், வயது, கடித்த நேரம், வந்த நேரம் என்று கோடு போட்டு எழுதத் தொடங்கினார். “இதுக்குக் கரண்ட் தேவையில்லைத்தானே, தம்பி” என்று சொல்லிக்கொண்டே நோயாளியை உள்ளே அழைத்துச் சென்றார். அவ்வம்மையார் பிழைத்தார். அக்கொப்பி தாதியார் தம் சொந்தப் பணத்தில் வாங்கியது. அவர் இப்பொழுது ஓய்வுபெற்றுவிட்டார். கொப்பியும் அவரோடு சென்றிருக்கும்.

இதுவரை கூறியது கம்பி தானே அறுவதைப் பற்றி. பிறர் வேண்டுமென்றே அறுப்பது வேறு வகை. அஃது இதனினும் கொடிது. 2023 ஆகஸ்டு 26 ஆந் திகதி நம் அரசின் மின்னஞ்சற் களஞ்சியத்துள் கப்பம் கேட்கும் மென்பொருள் புகுந்து, ஏறக்குறைய 5000 முகவரிகளின் கடிதங்களைப் பூட்டுப் போட்டுவிட்டது. மே 17 முதல் அந்நாள் வரையிலான கடிதங்கள் மீளவில்லை. ஏனெனில் அக்காலத்துப் பிரதிகளும் அதே வலையிற் கட்டுண்டிருந்தமையால் அவையும் பூட்டப்பட்டன. விதைநெல்லை உண்ணும் நெல்லோடு ஒரே பட்டறையில் வைக்கும் விவசாயி நம் ஊரில் எவரும் இலர். இங்கிலாந்தில் 2017 மே மாதத்தில் இத்தகைய தாக்குதலொன்றினால் 236 வைத்திய நிருவாகங்களுள் 80 பாதிக்கப்பட்டன. சில பகுதிகளில் நோயாளர் வண்டிகள் வேறிடங்களுக்குத் திருப்பப்பட்டன. அயர்லாந்தில் 2021 மே மாதத்தில் நாட்டின் பொதுச் சுகாதார சேவை முழுவதும் கணனிகளை நிறுத்திக் கடதாசிக்குத் திரும்பியது. தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனம் 2022 இல் தாக்கப்பட்டு, இரு வாரங்களளவு கையெழுத்தாலேயே நோயாளரைப் பதிந்தது. அத்தாக்குதல் வெளிப்பட்ட நாள் நவம்பர் 23. நம் சூறாவளியின் அதே திகதி. தற்செயலே, ஆயினும் படித்தபொழுது எனக்கு மெய் சிலிர்த்தது.

சூறாவளிக்கு எல்லை உண்டு. மட்டக்களப்பு வீழ்ந்தால் பொலனறுவை உதவும்; வாழைச்சேனை வைத்தியசாலை நிரம்பினால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை உளது. இணையவழித் தாக்குதலுக்கு அவ்வெல்லை இல்லை. ஒரே மென்பொருளை வைத்திருக்கும் வைத்தியசாலைகள் அனைத்தும், ஊர் எதுவாயினும், ஒரே காலையில் வீழ்தல் கூடும். அன்றியும் கம்பி அறுந்தால் செய்தி வாராது, அவ்வளவே. எதிரி உட்புகுந்தாலோ வரும் செய்தியையே நம்ப முடியாது. திரையிற் காட்டும் இரத்த வகை உண்மைதானா? ‘வண்டி புறப்பட்டுவிட்டது’ என்ற செய்தியை அனுப்பியவர் உண்மையில் யார்? அவ்வேளையில் கடதாசியும் மனிதக் குரலும் வெறும் பதிலிகள் அல்ல; சாட்சிகள். வைக்கோலிலிருந்து கடதாசி செய்த தொழிற்சாலையைக் கண்டு வளர்ந்த வாழைச்சேனைப் பகுதியார்க்குக் கடதாசியின் மதிப்பை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. இன்று கிராம உத்தியோகத்தர் முதல் பிரதேச செயலகம் வரை வெள்ளச் செய்தி பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகவே செல்கின்றது. 2019 ஏப்ரில் 21 ஆந் திகதி மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் பிறவிடங்களிலும் குண்டுகள் வெடித்தபின், அரசு தானே அத்தகைய சமூக ஊடகங்களைச் சில நாட்கள் தடை செய்தது. தடை சரியா, பிழையா என்பது வேறு வழக்கு. பொய்ச் செய்தியைத் தடுக்கப் போட்ட பூட்டு, மெய்ச் செய்தி செல்லும் வழியையும் பூட்டியது என்பதே இங்குக் கருதத்தக்கது.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள் இதனை ஊரின் வறுமையால் விளைந்த குறையென எண்ணலாகாது. 2022 யூலை 8 ஆந் திகதி கனடாவில் ரொஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு வீழ்ந்தபொழுது, ரொறன்ரோவில் வாழும் நம்மவர் உட்படப் பல இலட்சம் மக்கள் தொடர்பிழந்தனர். 911 ஐ அழைக்க முடியாது பலர் தவித்தனர். உள்மையம் இறந்தும் கோபுரங்கள் உயிரோடிருந்தமையால், கைத்தொலைபேசிகள் தம் நிறுவனம் நலமே என்று நம்பி, வேறு நிறுவனத்தின் கோபுரத்தை நாடவில்லை. முற்றாக இறந்திருந்தால் பிழைத்திருக்கலாம். அரைகுறையாய் இறந்ததே கேடாயிற்று. செல்வ நாட்டிலும் இதுவே கதி.

செய்மதி இணையம் வந்துவிட்டதே, இனிக் கவலை எதற்கு என்பார் உளர். ஸ்டார்லிங்க் 2025 யூலையில் இலங்கையிற் சேவையைத் தொடங்கியது உண்மை. மின்சாரம் உள்ளவிடத்துப் பேருதவி புரியும். ஆனால் அதுவும் இணையத்துக்குச் செல்லும் வாயிலே. உள்ளே கணனி பூட்டுண்டு கிடந்தால் வாயில் அகலத் திறந்திருந்தும் பயனில்லை. ஆழிப்பேரலைக்குப்பின் நாட்டின் கரை நெடுகிலும் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் நிறுவப்பட்டன. பின்னாளில் அவற்றுட் பல பழுதுற்றுக் கிடந்ததாகச் செய்திகள் வந்தன. வாங்குவது எளிது. ஆண்டுதோறும் ஒலிக்கச் செய்து பார்ப்பதே அரிது.

இனி என் முன்மொழிவு. ஆழிப்பேரலைக்குப்பின் அம்பாந்தோட்டையில் எல்லாத் தொடர்பும் அற்றிருந்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்து விக்டர் குணதிலக்கவும் அவர்தம் நண்பர்களும் சிற்றலை வானொலிக் கருவிகளைக் கொண்டு அங்கிருந்து பிரதமர் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினர். அதே வேளை அந்தமானில், பொழுதுபோக்காக வானொலி அமைக்கச் சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் இந்தியப் பெண்மணியின் குழுவே போர்ட் பிளேயரிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி சொன்னது. அதற்குக் கோபுரம் வேண்டியதில்லை. இரு தென்னைகளுக்கிடையே ஏறக்குறைய 20 மீற்றர் நீளமான கம்பி, ஒரு கருவி, மோட்டார் வண்டியின் 12 வோல்ற்று மின்கலம், இவை போதும். மேல்நோக்கிச் செல்லும் சிற்றலை வான்மண்டலத்திற் பட்டுத் திரும்பி நாடெங்கும் விழும். கல்குடாவுக்கும் கொழும்புக்கும் இடையே அறுவதற்கு எதுவுமில்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் தேறினால் எவரும் அனுமதி பெறலாம். நம் உயர்தர விஞ்ஞான மாணவர்க்கு அப்பாடம் கடினமன்று. கல்லூரியில் ஒரு வானொலி நிலையமும் அதற்கொரு மாணவர் கழகமும் அமைக்க விழா நிதியில் ஒரு பங்கை ஒதுக்குவோம் என்பதே நான் கூற வந்தது. வளைவு கட்டுவதற்கு ஆகும் செலவில் இது சிறு பகுதியே.

கருவி மட்டும் போதாது என்பதை என் டப்லட் கதையே காட்டும். ஆண்டுதோறும் நவம்பர் 23 ஆந் திகதி, மூன்று மணி நேரம், வைத்தியசாலையும் பொலிஸ் நிலையமும் பிரதேச செயலகமும் இணையமும் கைத்தொலைபேசியும் இல்லையென வைத்துக்கொண்டு பணிபுரிந்து பார்த்தல் வேண்டும். நோயாளர் பதிவேடு கடதாசியில் இருக்கட்டும். எந்த வண்டி எங்கு நிற்கின்றது, சாரதி யார், எண்ணெய் எவரிடம், வள்ளம் எவரிடம், மரம் வெட்டும் வாள் எவரிடம் என்ற பட்டியல் சுவரிலே தொங்கட்டும். மேலிடத்துக் கட்டளை வாராதபோது வண்டியை அனுப்பும் அதிகாரம் எவருக்கு என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும். இஃது ஒன்றே எல்லாவற்றினும் கடினம், ஏனெனில் அதிகாரத்தை எழுதிக் கொடுக்க எந்தக் கந்தோரும் விரும்புவதில்லை. வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்து நெடுநாட் படகுகளில் வானொலிக் கருவிகள் உள. அவற்றை நாளும் கையாளும் மீனவரே இப்பகுதியில் அவ்வித்தையை நன்கறிந்தோர். அவர்களை அன்றைய ஒத்திகைக்கு அழைத்துப் பாடம் கேட்பதில் நம் பட்டதாரிகளுக்கு இழுக்கொன்றுமில்லை.

இதனைச் சங்கச் செயலாளருக்கு எழுத்தில் அனுப்பியுள்ளேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் முன்மொழிவேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். 1978 இல் என்னோடு தெருவில் மரம் வெட்டியவர்களுள் நால்வர் இன்றும் ஊரில் இருக்கின்றனர் என்பதை நான் அறிவேன்.